பதினெட்டாம் தேதி டெலிவரி

பல்லுக்காக வீட்டை விட்டுப் போனவள் என்று ஆனந்தவல்லியைச் சொல்கிறார்களே, அது பொய். அதற்கு முன்னால் சொன்னதும் பொய்தான். இந்தப் பொய் கொஞ்சம் நாகரிகமாக இருக்கிறது, அவ்வளவே வித்தியாசம். நாற்பத்தொரு வயதில், பன்னிரண்டு வருஷம் இருந்த அண்ணன் வீட்டை, நாலு பல்லுக்காக ஒருத்தி விட்டுப் போவாளா? சோசைட்டி கேட்டில் மேத்திக்கீரைக்கு விலை பேசிக்கொண்டே 'அவளுக்கு ரோஷம் ஜாஸ்தி' என்கிறார்கள். ரோஷக்காரியாக இருந்திருந்தால் முதல் வருஷமே போயிருப்பாள். சந்தர்ப்பத்துக்கா குறைச்சல்? 'சிரிச்சு முடிஞ்ச விஷயத்தைப் பெருசாக்கிட்டா' என்கிறார்கள். யார் சிரித்து முடித்தது? அவள் சிரித்ததை யாராவது பார்த்தார்களா?

நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

ஆனந்தவல்லிக்கு ஊர் அம்பாசமுத்திரம். கல்யாணமாகி ஏழாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் போனான். பிள்ளையும் இல்லை. புனே பக்கத்துத் தளேகாவ் ஃபாக்டரியில் சூப்பர்வைசராக இருந்த அண்ணன் சுப்ரமணியன்தான் நேரில் வந்து, 'என் வீடு இருக்கும்போது நீ ஏன் தனியா கிடக்கணும்' என்று கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். அந்த நல்ல மனசை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. வந்த மூன்றாம் மாதமே அவள் ஸ்டேஷன் ரோட்டு மேட்சிங் சென்டரில், அதாவது ரவிக்கைத் துணிக்கடையில், பீக்கோ மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பக்கத்தில் புதுப் புடவைக்கு அடியில் ஃபால் துணி தைத்து, ஓரத்தைப் பீக்கோ போட்டு மடிக்காமல் ஒருத்தியும் கட்டமாட்டாள். நாளைக்கு இருபது புடவை அவள் கையால் போகும்.

கையால் என்று சொல்வது பாதிதான் சரி. கத்திரிக்கோல் மெஷின் பக்கத்திலேயே கிடக்கும். ஆனாலும் கை எட்டுவதற்குள் பல் எட்டிவிடும். படக்கென்று நூலைக் கடித்து அறுப்பாள். பன்னிரண்டு வருஷ நூல் சும்மா விடுமா? மேல்வரிசை முன்பல்லில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு வெட்டு விழுந்தது. அதற்குப் பக்கத்துப் பல் உடைந்தது. அதற்கடுத்தது ஆடி ஆடி ஒருநாள் வடாபாவில் வந்துவிட்டது. கீழே கடைவாயில் இரண்டைப் பிடுங்கியாயிற்று. பேசும்போது முந்தானை தானாக வாய்க்கு வரும்; சிரிக்கும்போது தலை தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தமிழர் பொங்கல் விழாவில் இலவசப் பல் முகாம் வைத்தார்கள். நீலா, அதாவது சுப்ரமணியன் பெண்டாட்டி, இவளையும் வரிசையில் உட்கார வைத்தாள். இளவட்ட டாக்டர் ஒருவன் ரோஸ் நிறத்தில் ஏதோ மாவைக் குழைத்து, லாடம் மாதிரி ஒரு தட்டில் அப்பி, பல்லுக்கு அளவெடுக்கிறேன் என்று வாய்க்குள் வைத்து அமுக்கினான். மாவு ஜில்லென்று தொண்டைப் பக்கம் இறங்கியது. 'மூக்கால மூச்சு விடுங்க' என்கிறான். மூக்கு எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஓங்கரித்தாள். அவன் தட்டை எடுக்க விரலை விட்டான், விரலைக் கடித்துவிட்டாள். அப்புறம் அவன் சட்டையெல்லாம் சர்க்கரைப் பொங்கல். பின்னால் முந்நூறு பேர்.

அன்றைக்கு ஒட்டியது அந்தப் பெயர்: கடிவல்லி. சோசைட்டித் தமிழ்க் குடும்பம் ஏழிலும் அவள் கடிவல்லி. அண்ணனே சிரித்துக்கொண்டு, "ஏட்டி கடிவல்லி, காப்பி என்னாச்சு?" என்பான். அவள் காப்பியைக் கொண்டுவந்து வைப்பாள். ஆனால் இனி பல் சமாச்சாரம் ஒன்று இருந்தால் கையில் வாங்கி வாயில் மாட்டிய பிறகுதான் ஊருக்குச் சொல்வது என்று அன்றே மனசுக்குள் முடிபோட்டு வைத்துக்கொண்டாள். தப்பா?

இந்த வருஷம் ஃபரீன் வந்தாள். மேலப்பாளையத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது புனே. வாகட்டில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். நிக்காஹ் புடவைக்கு ஃபால் அடிக்கக் கொண்டுவந்தவள், ஆனந்தவல்லி நூலைக் கடித்த அழகைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"அல்லாவே! அக்கா, பல்லை கைஞ்சி மாதிரி யூஸ் பண்றீங்களா?"

"கத்திரி மொட்டையா கிடக்கும்மா."

"வாயைக் காட்டுங்க. நான் அதுதான் பார்க்கிறது டெய்லி."

தயங்கித் தயங்கி மாவுக் கதையைச் சொன்னாள். ஃபரீன் சிரிக்கவில்லை. அதுவே ஆனந்தவல்லிக்கு ஆச்சரியம்.

"இப்போ அந்த மாவெல்லாம் நக்கோ அக்கா. ஸ்கேன்தான். ப்ரஷ் மாதிரி ஒரு கேமரா. நான்தான் எடுப்பேன். வாந்தி வர்ற மாதிரி இருந்தா ஸ்டாப், மூச்சு விட்டுட்டு மறுபடி ஸ்டார்ட். டென்ஷன் லேனா நஹி, பயப்படாதீங்க."

கடை லீவு நாளில், மார்க்கெட் போகிறேன் என்று சொல்லிவிட்டு, லோக்கல் ட்ரெயினில் சின்ச்வட் இறங்கி ரிக்ஷா பிடித்துப் போனாள். அது ஒரு பொய், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அவள் இந்தக் கதை முழுக்கச் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

நாற்காலியில் சாய்த்து, கன்னத்தை ஒரு பக்கம் விலக்கி, ஃபரீன் அந்தக் கம்பை உள்ளே விட்டாள். நுனி இளஞ்சூடாக இருந்தது. மாவு இல்லை, அமுக்கல் இல்லை. எதிரே இருந்த பெரிய டி.வி.யில் முதலில் வெறும் சாம்பல் நிறம். அப்புறம் ஒரு பல் முளைத்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கம்பு போகிற வழியெல்லாம் பல் முளைத்துக்கொண்டே போயிற்று. விட்டுப்போன இடம் கறுப்பாகப் பொத்தலாய் நின்றது. ஃபரீன் திரும்பிப் போய் அதைத் தடவினாள், பொத்தல் மூடிக்கொண்டது. கடைவாய்ப் பக்கம் ஒருமுறை குமட்டிக்கொண்டு வந்தது. ஃபரீன் உடனே கம்பை வெளியே எடுத்துவிட்டு, "ஆராமா மூச்சு விடுங்க. விட்ட இடத்துல பிடிச்சுக்கும்" என்றாள். அப்படியே பிடித்துக்கொண்டது. அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை.

முடிந்த பிறகு ஃபரீன் விரலால் அந்தப் படத்தைச் சுழற்றினாள். அப்போதுதான் ஆனந்தவல்லி அதை முழுசாகப் பார்த்தாள். முகம் இல்லை, உதடு இல்லை, நாக்கு இல்லை. சிவப்பு ஈறும் மஞ்சள் பல்லுமாய் ஒரு வாய் மட்டும் பூசணிக்காய் அளவுக்கு ஆகாசத்தில் நின்று சுற்றிக்கொண்டிருக்கிறது. பல்லின் முதுகுப்புறம் தெரிகிறது. நாக்குக்கு மட்டும் தெரிந்த இடம் அது.

"இது யாரும்மா?"

"நீங்கதான் அக்கா."

"நானா? ஐயோ, மிச்சமெல்லாம் எங்க?"

மராட்டிக்கார லேடி டாக்டர் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, மேலே ஒரு செட், கீழே ஒரு செட், கழற்றி மாட்டுகிற மாதிரி செய்துவிடலாம் என்றாள். படம் கம்ப்யூட்டரிலேயே பல் செய்கிற இடத்துக்குப் போய்விடுமாம். பதினெட்டாம் தேதி செட் வந்துவிடுமாம். ஆனந்தவல்லி ஃபரீன் நம்பரை ஃபோனில் 'ஸ்கேன் தாயி' என்று போட்டுக்கொண்டாள். மராட்டியில் தாயி என்றால் அக்கா. இங்கே சின்னப் பெண்ணைக்கூட மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம், அவள் பால்கனியில் துணி எடுக்கும்போது அந்த ஸ்கேன் தாயி கூப்பிட்டாள். கீழ்வரிசையில் ஒரு மூலை தெளிவாக இல்லை, ஒருமுறை வந்து போக முடியுமா என்று கேட்டாள். நீலா சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"ரெண்டும் நல்லா இருக்குன்னுதான சொன்ன? ... கீழ உள்ளது மட்டும் சரியா தெரியலியா? ... மறுபடியும் வந்து படுக்கணுமா? ... இல்லம்மா, வீட்டுல யாருக்கும் தெரியாது. சொன்னா சிரிப்பா சிரிச்சிருவாவ. கையில வந்த பெறவு காட்டிக்கிடுதேன்."

நீலா வெங்காயத்தை விட்டு விரலை அரிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில், சார்ஜில் கிடந்த ஃபோன் கூடத்தில் டிங்கென்றது. நீலா எட்டிப் பார்த்தாள். இங்கிலீஷில் வந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். மேலே, ஸ்கேன் தாயி. கீழே: ஒன் மோர் ஸ்கேன். டெலிவரி எயிட்டீன்த்.

அவளைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. தமிழ்நாட்டுப் பெண்பிள்ளை காதில் ஸ்கேன் என்று விழுந்தால் என்ன அர்த்தம்? டெலிவரி என்று விழுந்தால்? பதினெட்டு வருஷமாகப் புனேயில் இருக்கிறவளுக்குத் தாயி என்றால் அக்கா என்று தெரியாதா? தெரியும். அந்த நிமிஷத்தில் தாய் என்றுதான் பட்டது. ஒரு வாரமாக ஆனந்தவல்லி முறுக்கைத் தொடவில்லை, ரசம் சோற்றைக் கரைத்து விழுங்குகிறாள், கிராம்பை வாயில் அடக்குகிறாள், எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்து நின்றது. வயிறு தெரியவில்லையே என்று ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அதைத் தீர்த்துக்கொள்ள எதிர்வீட்டு ப்ரியம்வதா மாமியிடம் போனாள். போனது தப்பு.

"சில பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாதுடி நீலா. எங்க பேங்க்ல ஒருத்தி இருந்தா. அதுவும் ரெட்டைங்கறே!" என்றாள் மாமி. "நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

மறுநாள் மத்தியானத்துக்குள் ஏழு குடும்பத்துக்கும் தெரிந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. ஊர் பேசும்; வேறென்ன செய்யும்?

முதல் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்குச் சுப்ரமணியன் வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. சோஃபாவிலும் உட்காரவில்லை. கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த தங்கையைக் கூப்பிட்டு, ஒரே வார்த்தை கேட்டான்.

"எவன்?"

அவள் எப்படியோ விஷயம் வெளியே வந்துவிட்டது, டாக்டரைக் கேட்கிறான் என்று நினைத்தாள். "அவன் இல்லண்ணே, அவ. பொம்பள டாக்டர். வாகட்ல."

"டாக்டரையா கேட்டேன்? எத்தன நாளா நடக்கு இது?"

"மூணு வருஷமா மனசுக்குள்ள கிடந்தது. இப்பத்தான் துணிஞ்சேன்."

நீலா தலையில் அடித்துக்கொண்டாள். "துணிஞ்சாளாம்! கேட்டியளா, மூணு வருஷமாம்!"

"எதுக்கு மதினி இப்பிடிக் கூப்பாடு போடுதிய? ஊருல இல்லாததையா செஞ்சுட்டேன்? எதுத்த வீட்டு மாமி இந்த வயசுல ரெண்டு வச்சுக்கிடலியா?"

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ப்ரியம்வதா மாமிக்கு மூச்சு நின்றுவிட்டது. "நானா? நான் யாரைடி வெச்சுண்டேன், கட்டைல போறவளே!" என்று கத்திவிட்டு, தன் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மாமிய விடு," என்றாள் நீலா. "வயித்துல இருக்கது ரெண்டுன்னு ஸ்கேன்ல தெரிஞ்சுட்டு. தகப்பன் யாருன்னுதான் உங்க அண்ணன் கேக்காவ. சொல்லு."

ஆனந்தவல்லி முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று. பின்னால் ஃப்ரிட்ஜ் இருந்தது. அப்புறம்தான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது. மாவு இறங்கியதே, அதுமாதிரி ஜில்லென்று. கையிலிருந்த டிஃபன் டப்பா எப்போது கீழே விழுந்தது என்று இன்றுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. மூடி மட்டும் உருண்டு உருண்டு, ஷோகேஸில் முட்டி, சுற்றி, ஓய்ந்தது.

வாயைத் திறந்து காட்டியிருந்தால் முடிந்திருக்கும். 'பல்லுண்ணே' என்று ஒரு சொல் போதும். இதைத்தான் எல்லாரும் இன்றைக்குக் கேட்கிறார்கள். சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் சுப்ரமணியன் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு:

"காலையில நீலாகூடப் போய் வேற ஒரு டாக்டரைப் பாரு. செக் பண்ணி, ஒண்ணும் இல்லன்னா இல்லன்னு எழுதி வாங்கிட்டு வா. எழுத்துல இருக்கணும்."

எடுத்த வாயை மூடிக்கொண்டாள். கூடப் பிறந்தவன். பன்னிரண்டு வருஷமாக ஒரே அடுப்புச் சோறு. அவளுக்கு ஒரு தலைவலி என்றால் ராத்திரி ஷிஃப்டிலிருந்து ஃபோன் போட்டு விசாரிக்கிறவன். அவன் 'உண்மையாட்டி?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது காகிதம்.

"நான் எங்கயும் வரல," என்றாள். அவ்வளவுதான் பேச்சு. நீலா ஃபோனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஆனந்தவல்லி குனிந்து டப்பாவைப் பொறுக்கிக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த ஃபோனில் மறுபடி டிங். வேறு யார், ஸ்கேன் தாயிதான். கீழ்வரிசை சரியாகிவிட்டது, வரவேண்டாம், பாருங்கள் என்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். நீலா அதைத் தட்டினாள். பிள்ளையைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்தவள் கண் முன்னால் ஒரு தாடை கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு வந்து, படக்கென்று இன்னொரு தாடையோடு கடித்துக்கொண்டது.

நீலா போட்ட அலறல் மூன்றாம் மாடிவரை கேட்டதாம். ஃபோன் சாம்பாருக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. "மண்டையோடு! என்னங்க, மண்டையோடு!"

லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்த சுப்ரமணியன் ஃபோனை எடுத்துப் பார்த்தான். மறுபடி பார்த்தான். மேல்வரிசை முன்பல்லில், ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு வெட்டு. அந்த வெட்டு அவனுக்குத் தெரியாதா? அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

"பல்லுடி," என்றான். "நீலா, இது பல்லு."

அப்புறம் சிரிப்பு வந்தது. முதலில் நீலாவுக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு அவனுக்கு, கண்ணில் தண்ணீர் வருமட்டும். மாமி வீட்டுக் கதவும் திறந்தது, மாமியும் சிரித்தாள், "அடியே, நான் வெச்சுண்டது பல்லைத்தானா!" என்று. ஸ்கேனாம், டெலிவரியாம், ரெட்டையாம் என்று ஆளுக்கு ஒருமுறை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் ஆனந்தவல்லி உள்ளறை வாசலில் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

அண்ணன்தான் முதலில் பார்த்தான். "ஏட்டி, நேத்தே வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியாண்ணே?"

எளிதான கேள்வி. 'நம்பாம என்னட்டி' என்று அவன் உடனே சொல்லியிருந்தால், இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். சுப்ரமணியன் பொய் சொல்லத் தெரியாதவன். அவன் யோசித்தான். கையில் இருந்த ஃபோனைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், மறுபடி ஃபோனைப் பார்த்தான். குக்கர் ஒரு விசில் அடித்தது. இரண்டாவது விசிலும் அடித்தது.

"அந்த நேரத்துல..." என்று ஆரம்பித்தான்.

"சரிண்ணே," என்றாள் அவள்.

பதினெட்டாம் தேதிக்கு இருந்த பத்து நாளில் அவள் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. சமைத்தாள், கடைக்குப் போனாள். ஸ்டேஷன் ரோட்டில் கடைக்குப் பின்னால் முதலாளியின் தாயார் இருந்த அறை காலியாக இருந்தது. அதைக் கேட்டு முடித்துக்கொண்டாள். பதினெட்டாம் தேதி வாகட் போய்ப் பல்லை மாட்டிக்கொண்டு வந்தாள். மாட்டியதும் சரியாக உட்கார்ந்துவிட்டது, ஒரு இடத்திலும் தேய்க்க வேண்டியிருக்கவில்லை என்று ஃபரீனுக்கு ஏக சந்தோஷம். நீலா பார்த்துவிட்டு, "பத்து வயசு குறைஞ்சிட்டு ஆனந்தி!" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஆனந்தவல்லி பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். அதனால்தான் ஊருக்கு அது பல்லுக்காகப் போனது மாதிரி தெரிகிறது.

சுப்ரமணியன் பேப்பரை மடித்தான். "எங்கட்டி?"

இடத்தைச் சொன்னாள்.

"நான் மன்னிப்புக் கேட்டேம்லா? நாலு நாளா கேக்கேன். இன்னும் என்ன செய்யணும், சொல்லு."

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்ண்ணே. மாமி பேசினா, ஊரு பேசிச்சு, அது என்கிட்ட நிக்காது. நீ எழுதி வாங்கிட்டு வான்னு சொன்ன. அன்னையிலேருந்து இங்கன சாப்பிட்டா இறங்க மாட்டேங்கு. நானும் பாத்தேன், பத்து நாளு பாத்தேன். புதுப் பல்லு இருந்தும் இறங்கல."

நீலா அழுதாள். "நான்தான் படுபாவி. நான்தான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம..."

"நீங்க கேட்டதத்தான சொன்னிய மதினி. இட்லிமாவு அரைச்சு வச்சிருக்கேன், புளிச்சிரும், உள்ள எடுத்து வைங்க."

சுப்ரமணியன் பெட்டியைத் தூக்க வந்தான். அவள் கைப்பிடியை விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேர் கையும் அதே கைப்பிடியில் இருந்தது. பிறகு அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"வந்து பாக்கலாம்லா?" என்று கேட்டான். அவன் குரல் அப்படி இறங்கி யாரும் கேட்டதில்லை.

"வாயேன். மதினியையும் கூட்டிட்டு வா. கடைக்குப் பின்வாசல் வழி, பச்சைக் கதவு. ஆனா வாரதுக்கு முன்னால ஒரு ஃபோனு போட்டுட்டு வாண்ணே, சாவி என்கிட்டதான் இருக்கும்."

சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, பெட்டியோடு படியிறங்கிப் போனாள்.